கூண்டுக்குள் கூடு: ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ் வீட்டில் குஞ்சு பொரித்த வரலாறு

ஒரு பறவையைக் கூண்டில் உயிரோடு வைத்திருப்பதும், அதே கூண்டில் அது இணைசேர்ந்து முட்டையிட்டு அடைகாத்துத் தன் குஞ்சுகளைப் பறக்கும் பருவம்வரை வளர்த்தெடுக்கச் செய்வதும் இருவேறு கலைகள் ஆகும். முன்னதற்குத் தீனியும் தண்ணீரும் காவலும் போதும். பின்னதற்கோ அப்பறவை தன் காட்டில் எவ்விடத்தில், எப்பொருளைக் கொண்டு, எத்தகைய வெம்மையிலும் ஈரத்திலும் கூடு அமைக்கிறது என்ற அறிவு வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்னும் ஆப்பிரிக்கக் குறுவால் கிளிகள் ஐரோப்பியரின் கூண்டுகளை அடைந்த காலத்துக்கும், அக்கூண்டுகளில் அவை முதன்முதலில் குஞ்சு பொரித்த காலத்துக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அந்நீண்ட இடைவெளிக்கு வளர்த்தோரின் அக்கறைக் குறைவைக் காரணமாகச் சொல்வதற்கில்லை. பறவையின் கூட்டைப் பற்றிய அறியாமையே காரணம் என்பதை இவ்வளர்ப்புக் கலையின் ஒவ்வொரு கட்டமும் காட்டுகிறது.

விலங்கியலார் இக்கிளிகளை அகபோர்னிஸ் என்னும் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதியில், அடக்குவர். பிரிடோ ஜான் செல்பி என்னும் ஆங்கிலேய இயற்கையியலார் 1836இல் இப்பேரினத்தை வகுத்தார். இதில் அடங்கும் ஒன்பது சிற்றினங்களுள் எட்டு ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கும், சாம்பல் தலையுடைய ஒன்று மடகாஸ்கர் தீவுக்கும் உரியவை. தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் என்னும் நீண்ட வாலுடைய சிறுகிளியையே குறிப்பதால், பறவைக் கடைக்காரர்கள் அகபோர்னிஸ் கிளிகளை ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்று பிரித்துச் சொல்கின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்தவை. கூடமைக்கும் முறையிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. பட்ஜெரிகர் மரப்பொந்தின் வெறுந்தளத்திலேயே முட்டையிடும்; அகபோர்னிஸ் கிளிகளுள் பெரும்பாலானவை பொந்துக்குள்ளும் பொருள் சேர்த்துக் கூடு கட்டும். கிளிக் குடும்பத்தில் கூடு கட்டும் பழக்கம் அரிது என்பதால், இந்த ஒரு வேறுபாடே பின்னர் நிகழ்ந்த பலவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

ஐரோப்பா முதலில் அறிந்த சிற்றினம் மேற்கு ஆப்பிரிக்காவின் செந்தலைக் கிளியாகும். பொன்னும் தந்தமும் அடிமைகளும் தேடிக் கினியா கடற்கரையில் நங்கூரமிட்ட கப்பல்கள் திரும்பும்போது, பச்சை உடலும் சிவந்த முகமும் கொண்ட இக்கிளிகளையும் ஏற்றிச் சென்றன. லின்னேயஸ் 1758இல் தம் உயிரின வகைப்பாட்டு நூலில் இதனைச் சேர்த்தபோது, இது ஏற்கெனவே செல்வர் மாளிகைகளில் பழகிய பறவையாக இருந்தது. இணைகள் உடலோடு உடல் ஒட்டி அமர்வதையும், ஒன்றன் தலையிறகை மற்றொன்று கோதுவதையும் கண்ட மக்கள், பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பிரியாதவை என்ற பொருளில் இதற்குப் பெயரிட்டனர். ஒன்று இறந்தால் மற்றது துயரத்தால் இறந்துவிடும் என்றும் நம்பினர். அதனால் இணையாகவே வாங்கும் வழக்கம் வேரூன்றியது. ஆயினும் நெடுங்கடல் வழியில் நெருக்கியடைத்துக் கொண்டுவரப்பட்டு, பழகாத தீனியையும் குளிரையும் ஒரே கூண்டில் எதிர்கொண்ட இரு பறவைகள் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டதற்குத் துயரத்தைக் காட்டிலும் அந்நிலைமையே பொருத்தமான விளக்கமாகும்.

இவ்வளவு விரும்பி வளர்க்கப்பட்ட செந்தலைக் கிளி கூண்டில் குஞ்சு பொரிக்கவே இல்லை. அதன் காரணம் காட்டில் அதன் கூட்டைப் பார்த்தபின்னரே விளங்கியது. மரக்கிளைகளில் கறையான்களும் எறும்புகளும் கட்டும் கெட்டியான கூட்டுத் திரளைப் பெண்கிளி தன் அலகால் குடைந்து, சுரங்கம் போன்ற வழியும் அதன் முடிவில் சிறு அறையும் அமைத்து, அங்கேதான் முட்டையிடும். அத்திரளின் உட்பகுதி இரவு பகலாக ஏறத்தாழ ஒரே வெம்மையில் இருப்பதோடு, குடையும் செயலே இணைசேர்க்கைக்கான தூண்டுதலாகவும் அமைகிறது. தயாராகக் குடைந்த மரப்பெட்டியைக் கூண்டில் தொங்கவிட்டால், அப்பறவைக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் எஞ்சாது. இருபதாம் நூற்றாண்டில், பெட்டியைத் தக்கையாலோ அழுத்திய கரிமண்ணாலோ முழுவதும் நிரப்பி, பறவையே குடைந்துகொள்ளுமாறு விட்டு, வெம்மையும் ஊட்டிய சிலரே இதில் வெற்றி கண்டனர். இன்றளவும் இது வீட்டு வளர்ப்பில் அரிய பறவையே. காங்கோக் காடுகளின் கருங்கழுத்துக் கிளியின் நிலை இதனினும் கடினம். காட்டு அத்திப்பழம் இன்றி அது சில நாள்கூட உயிர் வாழாததால், கூண்டு வளர்ப்பின் வரலாற்றில் அதற்கு இடமே இல்லாமற் போயிற்று.

வீட்டு இனப்பெருக்கத்தின் உண்மையான தொடக்கம் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் ரோஜாமுகக் கிளியிலிருந்து எழுகிறது. பீச் ஃபேஸ் என்று கடைகளில் அறியப்படும் இச்சிற்றினத்தை வியேயோ என்னும் பிரெஞ்சுப் பறவையியலார் 1818இல் முறைப்படி விவரித்தார். அங்கோலாவின் தென்மேற்கிலும் நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலும் மழை குறைந்த பாறை நிலங்களில், ஆனால் தண்ணீர் கிடைக்கும் இடத்தை விட்டு அகலாமல், கூட்டங்களாக வாழும் இக்கிளி, பாறை இடுக்குகளிலும், கூட்டுத் தூக்கணாங்குருவிகள் மரங்களில் வைக்கோற்போர் போலக் கட்டும் பெருங்கூடுகளின் அறைகளிலும் முட்டையிடுகிறது. ஹாம்பர்க் நகரின் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் 1860இல் இவற்றை உயிருடன் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1869இல் பெர்லினில், விலங்குகளின் வாழ்வைப் பற்றிய பெருநூலால் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் பிரேமின் பொறுப்பில், இவை முதன்முதலில் குஞ்சு பொரித்தன.

ரோஜாமுகக் கிளி கூண்டில் செய்த செயல் வளர்த்தோரை வியப்பில் ஆழ்த்தியது. பெண்கிளி பசுங்கிளையின் பட்டையை அலகால் ஒரே சீராகத் துளையிட்டு நீண்ட கீற்றாகக் கிழித்து, அக்கீற்றைத் தன் முதுகின் கீழ்ப்புறத்து இறகுகளுக்கிடையே செருகி, இவ்வாறு பல கீற்றுகளைச் சேர்த்துக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது. பொந்து மட்டும் போதாது, பொந்துக்குள் பரப்பப் பச்சைப் பொருளும் வேண்டும் என்பதைப் பறவையே கற்பித்தது என்று சொல்லலாம். ஐரோப்பியர் இதற்கு வில்லோ மரத்தின் இளங்கிளைகளைத் தேர்ந்தனர். ஈரமுள்ள பட்டை பரப்பிய கூட்டில் முட்டைகள் நன்கு பொரிப்பதையும், உலர்ந்த பெட்டியில் வளர்ச்சி முற்றிய குஞ்சுகள்கூட ஓட்டை உடைக்க இயலாமல் உள்ளேயே இறப்பதையும் அவர்கள் மீண்டும் மீண்டும் கண்டனர். முட்டையோட்டின் உட்புறத்துச் சவ்வு வறண்டு கெட்டிப்படும்போது குஞ்சால் அதைக் கிழித்துத் திரும்ப முடிவதில்லை என்பதே இதற்கு அவர்கள் கொண்ட விளக்கமாகும்.

இவ்வறிவு உயிரியல் பூங்காக்களிலிருந்து நடுத்தர மக்களின் வீடுகளுக்குப் பரவியதில் பெர்லினைச் சேர்ந்த கார்ல் ருஸ் என்பவருக்குப் பெரும்பங்கு உண்டு. மருந்தாளுநராகப் பயின்ற அவர், வீட்டின் ஓர் அறை முழுவதையும் பறவைகளுக்கு ஒதுக்கி அதில் அவற்றை இணைசேர விடும் முறையை விரிவாக எழுதினார். 1872இல் அவர் தொடங்கிய பறவை வளர்ப்பு இதழ், ஊர்தோறும் தனித்தனியே முயன்றவர்களின் பட்டறிவை ஒன்றுதிரட்டும் களமாயிற்று. இங்கிலாந்தில் 1894இல் தோன்றிய பறவை வளர்ப்போர் சங்கம், தம் நாட்டில் ஒரு சிற்றினத்தை முதன்முதலில் குஞ்சு பொரிக்கச் செய்தவருக்குப் பதக்கம் அளித்தது. அப்பதக்கத்துக்காக வளர்ப்போர் முட்டையிட்ட நாளையும் பொரித்த நாளையும் குறித்து வைத்தனர். இன்று எந்தக் கையேட்டிலும் காணப்படும் அடிப்படைச் செய்திகள் இத்தகைய வீட்டுக் குறிப்பேடுகளிலிருந்து வந்தவையே: ஒருநாள் விட்டு ஒருநாளாக 4 முதல் 6 முட்டைகள் வரை இடப்படும்; பெண் மட்டுமே ஏறத்தாழ 23 நாட்கள் அடைகாக்க, ஆண் அதற்கு இரை ஊட்டும்; குஞ்சுகள் ஆறு வாரம் அளவில் கூட்டைவிட்டு வெளியேறி, மேலும் இரண்டு வாரம் பெற்றோரை, குறிப்பாகத் தந்தையை, நம்பியிருக்கும். ஓராண்டு நிறையாத பெண் முட்டையிடத் தொடங்கினால், முட்டை வெளிவராமல் சிக்கி அது இறக்கும் ஆபத்து மிகுதி என்பதும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தீனி அதே கேட்டை விளைவிக்கும் என்பதும் பல பறவைகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்ட அறிவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்ணைச் சுற்றி வெண்ணிற வளையம் கொண்ட நான்கு சிற்றினங்கள் சந்தைக்கு வந்ததோடு இக்கலையின் போக்கு மாறியது. தான்சானியாவின் ஃபிஷர் கிளியையும் முகமூடிக் கிளியையும் ரைகனோ என்னும் ஜெர்மானியப் பறவையியலார் 1887இலேயே விவரித்திருந்தும், அவை உயிருடன் மேலைநாடுகளை அடைந்தது 1920களில்தான். இன்றைய சாம்பியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும் வாழும் கருங்கன்னக் கிளி 1906இல் பெயர் பெற்று, அடுத்த ஆண்டே ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு, விரைவிலேயே கூண்டில் குஞ்சு பொரித்தது. மலாவி, மொசாம்பிக் ஆகிய பகுதிகளின் லிலியன் கிளி நான்காவதாகும். இந்நான்கும் காட்டில் கூட்டமாகவே கூடமைப்பவை. பட்டைக் கீற்றுகளையும் குச்சிகளையும் அலகில் தூக்கிச் சென்று, பொந்துக்குள் கூரையும் நுழைவழியும் உடைய மூடிய கூட்டைக் கட்டுபவை. ஆதலால் பெரிய கூண்டில் பல இணைகளை ஒன்றாக விட்டபோது அவை தயக்கமின்றிப் பெருகின.

ஆனால் அவ்வெளிமையே இரு கேடுகளை விளைவித்தது. வெண்வளையக் கிளிகள் தமக்குள் எளிதாகக் கலந்து, கருவுறும் திறனுள்ள கலப்புக் குஞ்சுகளை ஈனும் என்பதால், ஒரே பறவைக் கூடத்தில் ஃபிஷரும் முகமூடியும் கருங்கன்னமும் சேர்த்து விடப்பட்ட இடங்களில், சில தலைமுறைகளுக்குள் எந்த இனத்தின் பெயரும் பொருந்தாத பறவைகளே எஞ்சின. மற்றொரு கேடு காட்டில் நிகழ்ந்தது. 1929இல் கருங்கன்னக் கிளிகள் நான்கே வாரத்தில் 16,000 பிடிக்கப்பட்டன. ஒரு சிறு நிலப்பரப்புக்குள் அடங்கிய இனத்தின் மீது விழுந்த இவ்வடியிலிருந்து அது முழுமையாக மீளவில்லை. பின்னர் உழவர்கள் சோளத்தையும் கம்பையும் விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியதால் அதன் இரை குறைந்தது. நாள்தோறும் நீர் அருந்தியாக வேண்டிய அப்பறவைக்குக் குட்டைகள் வற்றியதும் பெருந்தடையாயிற்று. இன்று காட்டில் எஞ்சியவை சுமார் 10,000 என்று மதிப்பிடப்படுகின்றன. வீட்டில் எளிதாகப் பெருகும் பறவைக்காகக் காட்டை ஏன் வெறுமையாக்க வேண்டும் என்ற கேள்வியை அக்காலத்து வணிகம் கேட்கவில்லை. பிடிப்பது வளர்ப்பதைவிட மலிவாக இருந்தவரை அது கேட்டிருக்கவும் மாட்டாது.

அம்மலிவுக்கு முதல் தடை பறவைகளின்மீது கொண்ட இரக்கத்திலிருந்து வரவில்லை, நோயிலிருந்து வந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் அர்ஜென்டினாவிலிருந்து ஏற்றுமதியான கிளிகளோடு சிட்டகோசிஸ் எனப்படும் கிளிக் காய்ச்சல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. நோயுற்ற பறவையின் உலர்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுப்பதால் மனிதரின் நுரையீரலைத் தாக்கும் இந்நோய்க்கு அப்போது மருந்தில்லை. 1930இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கிளி இறக்குமதியைத் தடுத்தன. கப்பல்கள் நின்றதால் உள்நாட்டில் பொரித்த பறவைகளுக்குத் தேவை பெருகியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்த தெற்குக் கலிஃபோர்னியக் குடும்பங்கள் பலவும் வீட்டுக் கொல்லையில் கொட்டகை அமைத்துப் பட்ஜெரிகர்களைப் பெருக்கி, லவ் பேர்ட்ஸ் என்ற பெயரிலேயே விற்றுப் பிழைத்தன.

உள்நாட்டில் பிறந்த பறவை தூயது என்ற நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1931இன் இறுதியில் கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலி என்னும் சிற்றூரில் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்த கார்ல் ஃபிரெட்ரிக் மேயர் என்னும் நுண்ணுயிரியலார், நோயின் மூலத்தைத் தேடிச் சென்று, அது வெளிநாட்டுக் கப்பலில் இல்லை, கொல்லைப்புறக் கொட்டகைகளில் உள்ளது என்பதைக் கண்டறிந்தார். நெருக்கமான கூண்டுகளில் குஞ்சுப் பருவத்திலேயே தொற்றைப் பெற்ற பறவைகள், நலமுள்ளவைபோலத் தோன்றிக்கொண்டே கிருமியைப் பரப்பின. பின்னாளில் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வந்தபின் இந்நோயின் கொடுமை தணிந்தது. ஆயினும் இட நெருக்கடியைத் தவிர்த்தல், எச்சத்தை ஈரமாக்கித் துடைத்தல், புதிதாக வாங்கிய பறவையைச் சில வாரம் தனியே வைத்தல் ஆகிய வழக்கங்கள் வீட்டு வளர்ப்பின் விதிகளாக நிலைபெற்றதற்கு அக்காலத்துப் பட்டறிவே காரணம். குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டுமே வெற்றியை அளந்த வளர்ப்போர்க்கு இது கடுமையான பாடமாக இருந்தது.

இக்கிளிகளைப் பற்றிய மிக ஆழ்ந்த அறிவு 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. பிரிட்டிஷ் பறவையியலார் மோரோ 1948இல் இப்பேரினத்தின் பரிணாமத்தை ஆராய்ந்து இட்ட அடித்தளத்தின்மேல், வில்லியம் டில்கர் கூண்டில் வளர்த்த கிளிகளின் நடத்தையைச் சிற்றினம் சிற்றினமாக ஒப்பிட்டு 1960இல் வெளியிட்டார். மடகாஸ்கர் கிளியும் எத்தியோப்பிய மலைகளின் கருஞ்சிறகுக் கிளியும் செந்தலைக் கிளியும் சிறு துணுக்குகளை உடலெங்கும் உள்ள இறகுகளில் செருகிச் செல்வதையும், ரோஜாமுகம் நீண்ட கீற்றுகளைப் பெரும்பாலும் முதுகின் கீழ்ப்புறத்தில் மட்டும் செருகுவதையும், வெண்வளையக் கிளிகள் இறகை விட்டு அலகையே பயன்படுத்துவதையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்த அவர், இது எளிய கூட்டிலிருந்து சிக்கலான கூட்டை நோக்கிச் சென்ற பரிணாமப் பாதை என்று முடிவு செய்தார்.

அவரது புகழ்பெற்ற சோதனை ரோஜாமுகத்தையும் ஃபிஷரையும் கலந்து பெற்ற குஞ்சுகளைப் பற்றியது. இறகில் செருகும் மரபையும் அலகில் தூக்கும் மரபையும் ஒருசேரப் பெற்ற அக்கலப்புக் கிளிகள், கீற்றைக் கிழித்து இறகில் செருக முயன்றன. ஆனால் செருகியபின் அலகை விடாமலும், சரியான இடத்தில் செருகாமலும், பறக்கும்போது தவறவிட்டும் தோற்றன. அலகில் தூக்கினால்தான் கூடு சேரும் என்பதைக் கற்றுக்கொள்ள அவற்றுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. அதன் பின்னரும் புறப்படுமுன் தலையைப் பின்புறம் திருப்பும் அசைவு மறையவில்லை. நடத்தை மரபுவழி வருவதா, கற்பதால் வருவதா என்று அறிஞர் வாதிட்ட காலத்தில், இரண்டும் ஒரே பறவையில் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை இச்சோதனை தெளிவாகக் காட்டியது. வீட்டில் வளர்ப்போர்க்கோ இதன் பயன் வேறு வகையில் கிடைத்தது: இருவகைக் கிளிகளையும் கலப்பது பறவைக்கே துன்பம் என்பதற்கும், அக்கலப்பில் பிறந்தவை மலடானவை என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

இதே காலத்தில் நிறங்களின்மீது நாட்டம் பெருகியது. கிளியின் பச்சை நிறம் ஒரே சாயத்தால் ஆவதில்லை. இறகில் உள்ள மஞ்சள் நிறமியும், கருநிறமியோடு சேர்ந்து நீல ஒளியை மட்டும் திருப்பியனுப்பும் இறகின் நுண்ணமைப்பும் இணைந்தே பச்சையாகத் தோன்றுகின்றன. மரபணு மாற்றத்தால் மஞ்சள் நிறமி அற்றுப்போனால் நீலப் பறவை பிறக்கும். கருநிறமி அற்றுப்போனால் செங்கண்ணும் மஞ்சள் உடலும் கொண்ட லுட்டினோ பிறக்கும். முகமூடிக் கிளியின் நீல வடிவம் காட்டிலேயே தோன்றி 1927இல் லண்டனை அடைந்தது. ரோஜாமுகத்தில் மஞ்சள் வடிவம் 1954இல் ஜப்பானிலும், மஞ்சள் நிறமி ஓரளவே குறைந்த கடல்நீல வடிவம் 1963இல் நெதர்லாந்திலும், கரும்பச்சைக்கு வழிவகுத்த மாற்றம் 1968இல் ஆஸ்திரேலியாவிலும், லுட்டினோ 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவிலும் வீட்டு வளர்ப்பில் தோன்றின.

இந்நிறங்களை நிலைநிறுத்த முயன்றோர் மரபியலைக் கற்றேயாக வேண்டியதாயிற்று. நீல மரபணு ஒடுங்கிய தன்மை உடையது. அதாவது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளியே தெரியாது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்று, தோற்றத்தில் பச்சையாகவே உள்ள பறவையைத் தமிழ்நாட்டு வளர்ப்போர் உட்பட உலகெங்கும் ஸ்பிளிட் என்பர். ரோஜாமுகத்தின் லுட்டினோ பாலினத்தோடு பிணைந்தது என்பதால், லுட்டினோ ஆணைப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால் பெண்குஞ்சுகள் அனைத்தும் லுட்டினோவாகவும் ஆண்குஞ்சுகள் அனைத்தும் பச்சையாகவும் பிறக்கும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடைய இவ்வினத்தில் குஞ்சுப் பருவத்திலேயே பாலினம் அறிய இது ஒரு வழியாகவும் அமைந்தது. எனினும் நிறத்தை விரைவில் பெருக்கும் ஆசையில் உடன்பிறந்தவற்றையே இணைத்ததும், ஓரினத்தின் நிறத்தைக் கலப்பின் வழியே மற்றோரினத்துக்குக் கடத்தியதும் பறவைகளின் வலிமையையும் இனத் தூய்மையையும் குலைத்தன. நிற வேட்டையால் கருங்கன்னக் கிளியின் கூண்டுக் குலங்கள் பலவற்றிலும் அயல் இரத்தம் புகுந்தது. காட்டில் அருகிவரும் பறவைக்குக் கூண்டில் தூய குலம் ஒன்று காப்பாக நின்றிருக்கலாம் என்பதை எண்ணும்போது, இவ்வரலாற்றில் மிக வருந்தத்தக்க பகுதி இதுவே.

காட்டுப் பறவை வணிகம் அதற்குள் மீண்டும் தலைதூக்கியிருந்தது. 1987இல் உலகில் மிகுதியாக விற்கப்பட்ட காட்டுப்பறவை ஃபிஷர் கிளியே. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1981இல் ஏறத்தாழ எல்லாக் கிளிகளையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்திருந்தது; எனினும் அப்பட்டியல் வணிகத்துக்கு அனுமதிச் சீட்டை வேண்டியதேயன்றி அதைத் தடுக்கவில்லை. அமெரிக்கா 1992இல் இயற்றிய சட்டமும், தான்சானியாவே ஏற்றுமதியை நிறுத்தியதும், ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் நிலையாக்கிய இறக்குமதித் தடையும் சேர்ந்தே அவ்வணிகத்தை ஒடுக்கின. ரோஜாமுகக் கிளி மட்டும் வீட்டில் மிகுதியாகப் பெருகி, காட்டிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையே இல்லாமற் போனதால், 2005இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வீட்டு வளர்ப்பு ஓர் இனத்தைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டிலிருந்தே விடுவித்த இந்நிகழ்வு கிளிகளின் வரலாற்றில் மிக அரிதானது.

இந்தியாவில் இக்கிளிகள் பரவியதற்கும் ஒரு தடையே பின்புலமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், இந்தியப் பறவைகளின் வாணிகத்தை முற்றாக நிறுத்திய 1990-91ஆம் ஆண்டுத் தடையும், வீடுதோறும் கூண்டில் இருந்த பச்சைக்கிளியைச் சட்டத்துக்குப் புறம்பான பறவையாக்கின. இச்சட்டங்களின் எல்லைக்கு வெளியே இருந்த அயல்நாட்டுப் பறவைகள் அவ்விடத்தை நிரப்பின. பட்ஜெரிகர் வளர்த்துப் பழகியிருந்த தமிழ்நாட்டு வளர்ப்போர், பக்கவாட்டில் துளையிட்ட மண்பானையைக் கூண்டில் கட்டித் தொங்கவிடும் தம் வழக்கத்தையே ஆப்பிரிக்கக் கிளிகளுக்கும் முதலில் கையாண்டனர். மண்பானை குளிர்ச்சி தருவது, விலை குறைந்தது, பேன் பிடித்தால் எறிந்துவிடக் கூடியது. ஆனால் கூடு கட்டும் கிளிக்கு அதன் உட்பரப்பு போதவில்லை. மரப்பெட்டிக்கு மாறியோர் வில்லோ கிளைக்குப் பதிலாகத் தென்னங்கீற்றை வைத்தனர். நீண்டு, நார் மிக்கு, ஈரம் தாங்கும் தென்னை ஓலையை ரோஜாமுகக் கிளி கிழித்து இறகில் செருகுவதைத் தமிழகத்துக் கூண்டுகளில் இன்று எளிதாகக் காணலாம். நமீபியப் பாறையிடுக்குப் பறவை ஒன்று, தன் மூதாதையர் கண்டிராத மரத்தின் ஓலையில் அதே மரபுச் செயலைப் பிழையின்றிச் செய்வது, டில்கரின் முடிவுகளுக்குக் கிடைத்த மற்றுமொரு சான்று எனலாம்.

தீனியிலும் உள்ளூர்ப் பொருள்களே நிலைபெற்றன. தினை முதன்மைத் தானியமாயிற்று. கணவாயின் உள்ளோடாகிய கடல்நுரை முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தந்தது. ஊறவைத்து முளைகட்டிய பயறும் கீரையும் குஞ்சு வளர்க்கும் நாட்களுக்கு உரிய மென்தீனியாயின. ஐரோப்பியர் தம் குளிர்காலத்தில் இணைசேர விடாமல் காத்ததைப்போல, தமிழகத்தார் கத்திரி வெயிலின்போது கூட்டுப் பெட்டிகளை அகற்றிப் பறவைகளுக்கு ஓய்வு தரக் கற்றனர். பாலினச் சிக்கல் மட்டும் நெடுநாள் தீரவில்லை. இரு பெண்கள் இணைபோலவே ஒட்டி வாழ்ந்து, ஒரே பெட்டியில் 8 முதல் 10 முட்டைகள்வரை இட்டு, ஒன்றும் பொரியாமற்போவது வழக்கமாயிருந்தது. இடுப்பெலும்பின் இடைவெளியை விரலால் தடவிப் பார்க்கும் பழைய முறை அனுபவசாலிகளின் கையிலும் தவறியது. பிடுங்கிய ஓர் இறகைக் கொண்டே பாலினம் அறியும் டிஎன்ஏ சோதனை அண்மைக்காலத்தில் எட்டும் விலைக்கு வந்தபின்னரே இச்சிக்கல் அகன்றது.

சட்டமும் பின்னர் இப்பறவைகளைத் தேடி வந்தது. 2020இல் ஒன்றிய அரசு அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் தாமாக முன்வந்து தெரிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சைட்டிஸ் பட்டியல்களை நான்காம் அட்டவணையாக இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024இல் வெளிவந்த விதிகள் அவ்வுயிரினங்களை வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் குஞ்சு பிறப்பதையும் பரிவேஷ் இணையதளத்தில் பதியப் பணித்தன. இதன்படி ஃபிஷர், முகமூடி, கருங்கன்னம் ஆகியவற்றை வளர்ப்பவர் பதிவு செய்ய வேண்டும். 2005இல் பட்டியலிலிருந்து நீங்கிய ரோஜாமுகத்தை வளர்ப்பவருக்கு அக்கடமை இல்லை. குஞ்சின் கால் சிறுத்திருக்கும் நாட்களிலேயே மூடிய வளையத்தை மாட்டி, அதன் எண்ணையும் பெற்றோரின் எண்ணையும் பிறந்த நாளையும் ஏட்டில் எழுதிவந்த வளர்ப்போர்க்குப் பதிவுக்கு வேண்டிய செய்தி ஏற்கெனவே கையில் இருந்தது. அவ்வாறு எழுதாத கூண்டுகளில், எந்தப் பறவை தூய ஃபிஷர், எது முகமூடியின் கலப்பு என்பதைச் சொல்ல இன்று எவராலும் இயலவில்லை.